குதிரை வெள்ளணு லேபிளிங்: 31 சதவீதம்தான் ஏறுகிறது, நுரையீரல் அணையவே மாட்டேன் என்கிறது

லாயம்_வடக்கு (கேள்வி)

வணக்கம். குதிரை மருத்துவமனை ஒன்றின் காமா கேமரா பிரிவு. எலும்பு ஸ்கேன் வழக்கமாகச் செய்கிறோம். குதிரையின் வெள்ளணுக்களை எடுத்து, டெக்னீசியம்-99எம் எச்எம்பிஏஓ என்ற கதிரியக்க மருந்து கொண்டு லேபிள் செய்து, சீழ் இருக்கும் இடத்தைத் தேட அதே குதிரைக்குத் திருப்பி ஊசி போடுவது இதுதான் முதல் முறை. உண்மையான நோயாளிக்குப் போகுமுன் ஆரோக்கியமான குதிரை ஒன்றில் ஒத்திகை பார்த்தோம். மனிதர்களுக்கான செய்முறையை வரிக்கு வரி பின்பற்றியது இப்படி:

ஹெப்பாரின் போட்ட 60 மி.லி. சிரிஞ்சில் 50 மி.லி. ரத்தம். வெள்ளணு எண்ணிக்கை மைக்ரோலிட்டருக்கு 8,200. ஹெட்டாஸ்டார்ச் 10 மி.லி. சேர்த்து 60 நிமிடம் நிற்க வைத்தோம். மேலே தெளிந்த பிளாஸ்மாவை எடுத்து 1500 ஆர்பிஎம்மில் 10 நிமிடம் சுழற்றினோம் (ரோட்டர் ஆரம் 16 செ.மீ.). அடியில் தங்கிய அணுக்களில் எச்எம்பிஏஓ 4 மி.லி. விட்டு 15 நிமிடம். பெர்டெக்னடேட் (கதிரியக்க டெக்னீசியக் கரைசல்) எங்களுக்கு வெளி ரேடியோபார்மசியிலிருந்து வருகிறது. அன்று திங்கள்கிழமை. காலை 7 மணிக்கு ஜெனரேட்டரிலிருந்து எடுத்தது, நாங்கள் குப்பியில் சேர்த்தபோது மணி 11.

கழுவிய பிறகு அணுக்களில் 230 மெகாபெக்கெரல், மேல்திரவத்தில் 510. அதாவது 31 சதவீதம். திரும்ப உறிஞ்சும்போது சிரிஞ்சில் வெள்ளை நூல் மாதிரி ஏதோ மிதந்தது. ஊசி போட்டு 1 மணி நேரத்தில் நுரையீரல் பளிச்சென்று தெரிந்தது. 3 மணி நேரத்திலும் அப்படியே.

அடுத்து வரப்போகும் நோயாளி 480 கிலோ தரோபிரெட் கெல்டிங் (விரையடித்த ஆண் குதிரை). 3 வாரமாக விட்டுவிட்டுக் காய்ச்சல், ஃபைப்ரினோஜன் (அழற்சியில் ஏறும் ரத்தப் புரதம்) லிட்டருக்கு 7 கிராம், வயிற்று அல்ட்ராசவுண்டில் ஒன்றும் சிக்கவில்லை. குடல்தாங்கிச் சவ்வில் சீழ்க்கட்டி இருக்கலாம் என்று மருத்துவர் சந்தேகப்படுகிறார். எங்கே பிழை? ஒரே இடத்திலா, பல இடத்திலா?

---

ஈயக்கோட்டை

பல இடத்தில். என் பக்கத்து விஷயத்தை மட்டும் சொல்கிறேன், அணுக்களைப் பற்றி வேறு யாராவது சொல்லட்டும்.

முதல் பிழை மணி 11, இரண்டாவது திங்கள்கிழமை. எக்ஸாமெட்டசைம் (எச்எம்பிஏஓவின் மருந்துப் பெயர்) குப்பிக்குள் இருக்கும் ஸ்டேனஸ் குளோரைடு (டெக்னீசியத்தை மருந்தோடு பிணைய வைக்கும் தகர உப்பு) வெறும் 7.6 மைக்ரோகிராம். எலும்பு ஸ்கேன் குப்பியில் தகரம் தாராளமாக இருக்கும், அதனால் அங்கே எதையும் பொறுத்துக்கொள்ளும். இது பொறுக்காது. அதனால்தான் பெர்டெக்னடேட் எடுத்து 2 மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும், ஜெனரேட்டரும் (டெக்னீசியம் ஊறும் கருவி) அதற்கு முந்தைய 24 மணி நேரத்துக்குள் ஒருமுறை கறக்கப்பட்டிருக்க (சேர்ந்தது வெளியே எடுக்கப்பட்டிருக்க) வேண்டும் என்று குப்பித்தாளிலேயே போட்டிருக்கிறது.

காரணம் டெக்னீசியம்-99, அந்த ‘எம்’ இல்லாதது: 99எம் சிதைந்தபின் மிஞ்சுவது, படத்துக்கு உதவாதது. வேதியியலில் இரண்டும் ஒன்றே, தகரத்துக்கு வித்தியாசம் தெரியாது. தினமும் கறக்கும் ஜெனரேட்டரில் வெளிவரும் டெக்னீசியம் அணுக்களில் சுமார் 28 சதவீதம் 99எம். வெள்ளி முதல் திங்கள் வரை 72 மணி நேரம் சும்மா கிடந்தால் அது சுமார் 8 சதவீதம். எடுத்து 4 மணி நேரம் வைத்திருந்தால் அந்த 8-ம் 5 ஆகிவிடும். அதாவது அதே மெகாபெக்கெரலுக்கு, நாள்தோறும் கறந்து உடனே பயன்படுத்துவதைவிட ஐந்தரை மடங்குக்கு மேல் டெக்னீசியத்தைக் குப்பிக்குள் கொட்டியிருக்கிறீர்கள். போதாததற்குப் பழைய கரைசலில் கதிர்வீச்சால் உண்டாகும் ஆக்சிஜனேற்றிகளும் சேர்ந்திருக்கும். அவை இருக்கிற கொஞ்சத் தகரத்தையும் தின்றுவிடும்.

ரேடியோபார்மசியிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ஞாயிறு கறந்தீர்களா? இல்லையென்றால் செவ்வாய் முதல் வெள்ளிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். திங்களைத் தவிர்க்கவே முடியாது என்றால், காலையில் ஒருமுறை கறந்து அதை எலும்பு ஸ்கேனுக்குத் தள்ளிவிட்டு, சில மணி நேரம் கழித்து இரண்டாவது முறை கறந்ததை வாங்குங்கள்.

நேரத்தைப் பின்னோக்கிக் கணக்கிடுங்கள். முதலில் ரத்தம். அணுக்கள் பிரிந்து தயாராகும் வேளையில் வண்டி வந்து சேர வேண்டும். குப்பியைக் கடைசி நிமிடத்தில்தான் கலக்க வேண்டும்: மெதிலீன் புளூ சேர்க்காத எச்எம்பிஏஓவுக்கு ஆயுள் 30 நிமிடம். (மெதிலீன் புளூ நிலைப்படுத்தி மூளை ஸ்கேனுக்கு. வெள்ளணுவுக்குப் போடக்கூடாது. பெட்டியில் இரண்டும் சேர்ந்து வந்தால் அந்த ஆம்பூலைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள்.) குப்பிக்குள் காற்றை அழுத்தாதீர்கள். திரவம் விட்ட அளவுக்கு மேலிருக்கும் வாயுவை அதே சிரிஞ்சில் உறிஞ்சி எடுங்கள்.

தரச்சோதனை செய்தீர்களா? எழுதவில்லை. இரண்டு சிலிக்கா ஜெல் பட்டை போதும். ஒன்று மெதில் எத்தில் கீட்டோனில்: அடியில் நிற்பது இரண்டாம்நிலைச் சேர்மமும் நீராற்பகுத்த டெக்னீசியமும். இன்னொன்று 0.9 சதவீத உப்புக்கரைசலில்: மேலே ஓடுவது பெர்டெக்னடேட். முதல் பட்டையின் அடி சதவீதத்தையும் இரண்டாவதன் மேல் சதவீதத்தையும் 100-லிருந்து கழித்தால் கிடைப்பதுதான் அணுவுக்குள் நுழையக்கூடிய கொழுப்பு நாட்டமுள்ள சேர்மம். 80-க்குக் கீழே இருந்தால் அணுக்களைக் குறை சொல்லிப் பயனில்லை. பட்டை ஓடி முடிய 15 நிமிடம் ஆகும், அதற்காகக் காத்திருக்காமல் லேபிளிங்கைத் தொடங்கிவிடுங்கள். 31 மாதிரி ஒரு எண் வந்தால் அப்போது பட்டை விடை சொல்லும்.

---

மூன்றாம்_படலம்

மருந்து சரியாக இருந்திருந்தாலும் உங்களுக்கு 50-ஐத் தாண்டியிருக்காது. மனிதச் செய்முறை குதிரை ரத்தத்துக்குப் பொருந்தாத இடம் முதல் படியே.

குதிரையின் சிவப்பணுக்கள் நாணயம் அடுக்கியது போல ஒன்றன்மேல் ஒன்றாகத் தாமாகவே அடுக்கிக்கொள்ளும், அதுவும் பலமாக. சோதனைக் குழாயை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பினால் பிளாஸ்மா பிரிந்து நிற்கும். மனிதரில் ஹெட்டாஸ்டார்ச் சேர்ப்பதே இந்த அடுக்கலைத் தூண்டத்தான். குதிரைக்கு அது தேவையே இல்லை. நீங்கள் அதையும் சேர்த்து 60 நிமிடமும் வைத்திருக்கிறீர்கள். சிவப்பணுக்கள் 15, 20 நிமிடத்தில் இறங்கியிருக்கும். மிச்ச 40 நிமிடத்தில் வெள்ளணுக்களும் மெல்ல இறங்கி, சிவப்பின் மேல் வெண்படலமாய் உட்கார்ந்துவிட்டன. நீங்கள் மேலிருந்து எடுத்ததில் மிஞ்சியது பெரும்பாலும் தட்டணு.

அடுத்து ஹெப்பாரின். அதில் நியூட்ரோஃபில்கள் (சீழைத் தேடிப் போகும் வெள்ளணு வகை) பிளாஸ்டிக் சுவரிலும் ஒன்றோடொன்றும் ஒட்டும். ஏசிடி-ஏ (சிட்ரேட் உறைவுத்தடுப்பி) பயன்படுத்துங்கள். 60 மி.லி. சிரிஞ்சுக்கு 9 மி.லி. ஏசிடி, 51 மி.லி. ரத்தம். ஈடிடிஏ என்ற உறைவுத்தடுப்பி வேண்டாம், அணுவின் இயக்கத்தைக் கெடுக்கும்.

மூன்றாவது, ஆர்பிஎம். இதைத்தான் பெரிய பிழை என்பேன். செய்முறையில் 150 ஜி (புவியீர்ப்பைப் போல 150 மடங்கு விசை) என்று இருந்திருக்கும். ஆரம் செ.மீ.யில், அதை ஆர்பிஎம்மின் வர்க்கத்தால் பெருக்கி, 0.00001118-ஆல் பெருக்கினால் ஜி கிடைக்கும். உங்கள் 16 செ.மீ. ரோட்டரில் 1500 ஆர்பிஎம் என்பது 402 ஜி. கிட்டத்தட்ட மூன்று மடங்கு, அதுவும் இரட்டிப்பு நேரம். அந்த வேகத்தில் தட்டணுக்களும் சேர்ந்து இறங்கி, வெள்ளணுக்களை அடையாக அழுத்திவிடும். நீங்கள் பார்த்த வெள்ளை நூல் அதுதான்: தட்டணுவும் நியூட்ரோஃபிலும் பின்னிய கட்டி. எச்எம்பிஏஓ தட்டணுவிலும் சிவப்பணுவிலும்கூட ஏறும் என்பதால், அந்த 31-இலும் எவ்வளவு வெள்ளணுவுடையது என்று சொல்ல முடியாது. உங்கள் ரோட்டருக்கு 150 ஜி என்றால் ஏறக்குறைய 915 ஆர்பிஎம். 2000 ஜி என்றால் 3345. இரண்டையும் எழுதி சென்ட்ரிஃப்யூஜ் மூடியிலேயே ஒட்டிவிடுங்கள்.

குதிரைக்கு நான் சொல்லும் வரிசை:

குதிரை அமைதியாக இருக்கும்போது ரத்தம் எடுங்கள். மிரண்ட குதிரையில் மண்ணீரல் சுருங்கிச் சிவப்பணுக்களை வெளியே தள்ளும். பிசிவி (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) ஏறும், பிளாஸ்மா குறையும். அட்ரினலினால் லிம்ஃபோசைட்டுகளும் கூடும், அவை நமக்கு வேண்டாதவை. கழுத்துச் சிரையில் அகலமான ஊசி, மெதுவாக இழுக்க வேண்டும். நுரை வந்தால் அணு சேதம். இரண்டு சிரிஞ்ச் நிறைய எடுங்கள். 480 கிலோ குதிரைக்கு ரத்தம் 35 லிட்டருக்கு மேல் இருக்கும், 102 மி.லி. அதற்கு ஒரு பொருட்டே இல்லை. மனிதரிடம் இல்லாத இந்த வசதியை விடாதீர்கள். 8,200 எண்ணிக்கைக்கு அது 80 கோடிக்கு மேற்பட்ட வெள்ளணு. பாதி கைக்கு வந்தாலே ஏராளம்.

சிரிஞ்சை மூக்கு மேலே பார்க்க, சற்றுச் சாய்த்து நிறுத்துங்கள். சாய்த்தால் இன்னும் வேகமாக இறங்கும். 10 நிமிடத்திலிருந்து கண்ணை எடுக்காதீர்கள். சிவப்புக் கோடு நகர்வது நின்றதும், பெரும்பாலும் 15 முதல் 30 நிமிடத்துக்குள், பிளாஸ்மாவை மெல்லிய குழாய் வழியாக 50 மி.லி. கூம்புக் குழாய்களுக்குத் தள்ளுங்கள். நீர்வறட்சி உள்ள, பிசிவி உயர்ந்த குதிரையில் தாமதமாகும். ஃபைப்ரினோஜன் 7 கிராம் உள்ள உங்கள் கெல்டிங்கில் இன்னும் சீக்கிரமே இறங்கும், அசந்துவிடாதீர்கள்.

150 ஜி, 5 நிமிடம், பிரேக் இல்லாமல். மேலே இருப்பது தட்டணு நிறைந்த பிளாஸ்மா, அதைக் கொட்டிவிடாமல் வேறு குழாயில் 2000 ஜி-யில் 10 நிமிடம் சுழற்றினால் அணுவற்ற பிளாஸ்மா கிடைக்கும். அது பிறகு 15, 20 மி.லி. வேண்டியிருக்கும். (மஞ்சளாக இருந்தால் பதற வேண்டாம். குதிரைக்குப் பிலிருபின் இயல்பிலேயே கூடுதல், தீனி எடுக்காத குதிரைக்கு இன்னும் கூடும்.) அடியில் தங்கிய அணுக்களை விரலால் தட்டித் தளர்த்தி, அணுவற்ற பிளாஸ்மா 1 மி.லி.யில் கலக்குங்கள். பிளாஸ்மா அதிகமானால் எச்எம்பிஏஓ அங்கேயே மாட்டிக்கொள்ளும். அறவே இல்லாவிட்டால் அணுக்கள் வாடும். அதில் புதிதாகக் கலந்த எச்எம்பிஏஓ 4 மி.லி. அறை வெப்பத்தில் 10 நிமிடம், 2 நிமிடத்துக்கு ஒருமுறை மெல்லச் சுழற்றி. வோர்டெக்ஸ் (அதிர்வுக் கலக்கி) கூடாது. பிறகு அணுவற்ற பிளாஸ்மா 10 மி.லி. சேர்த்து நிறுத்தி, மீண்டும் 150 ஜி, 5 நிமிடம். மேல்திரவம், அணு இரண்டையும் டோஸ் காலிபரேட்டரில் (கதிரியக்கம் அளக்கும் கருவி) அளந்து, அணுக்களை 5 மி.லி. பிளாஸ்மாவில் மிதக்கவிட்டு உடனே குதிரைக்கு.

நியூட்ரோபீனியா (நியூட்ரோஃபில் குறைவு) உள்ள குதிரைக்கு இதைத் தொடங்கவே வேண்டாம். எண்டோடாக்சின் (பாக்டீரியா நச்சு) ஏறிய குதிரையில் எண்ணிக்கை 3,000-க்குக் கீழே போய்விடும், இருப்பவையும் இளம் அணுக்களாக இருக்கும். எவ்வளவு ரத்தம் எடுத்தாலும் படம் தேறாது.

---

லாயம்_வடக்கு

இரண்டு பேருக்கும் நன்றி. ரேடியோபார்மசியைக் கேட்டேன், வார இறுதியில் கறக்கவில்லையாம். புதன்கிழமைக்கு மாற்றிவிட்டேன். இரண்டு சந்தேகம். நுரையீரல் குதிரைக்கு எப்போதுமே இப்படித் தெரியும் என்று ஒருவர் சொன்னார். நிஜமா? கேதீட்டர் ஒன்றுதான் இருக்கிறது, அதிலேயே ரத்தம் எடுத்து அதிலேயே ஊசி போடலாமா?

---

காமாக்கண்

பாதி நிஜம். குதிரையின் நுரையீரல் நுண்குழாய்களின் சுவரிலேயே மேக்ரோஃபேஜ்கள் தங்கியிருக்கும், ஆடு, மாடு, பன்றிபோல. மனிதரில் அப்படி இல்லை. அதனால் வெளியே கையாண்டு திரும்பிய எந்த வெள்ளணுவும் முதல் சுற்றில் அங்கே தயங்கி நிற்கும். ஆனால் தயங்க வேண்டும், தங்கக்கூடாது. முதல் அரை மணி நேரத்தில் நுரையீரல் ஒளிர்வது இயல்பு. அதன்பின் குறைந்து மண்ணீரலும் கல்லீரலும் மேலெழ வேண்டும். 3 மணி நேரத்திலும் பரவலாக ஒளிர்ந்தால் அணுக்கள் தூண்டப்பட்டோ சேதமாகியோ போயிருக்கின்றன. புள்ளி புள்ளியாக ஒளிர்ந்தால் அது கட்டி, நுண்குழாயில் அடைத்திருக்கிறது. கல்லீரல் மண்ணீரலைவிடத் தூக்கலாகத் தெரிந்தாலும் அணுச்சேதம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். சந்தேகமிருந்தால் ஒரு துளி எடுத்து டிரிப்பான் புளூ (செத்த அணுவில் மட்டும் ஏறும் சாயம்) போட்டுப் பாருங்கள், நீலம் ஏறியவை 5 சதவீதத்தைத் தாண்டினால் அந்தக் குழாயைக் குதிரைக்குப் போடாதீர்கள்.

கேதீட்டர்: வேண்டாம். நாள்பட்ட கேதீட்டரின் நுனியில் சின்ன உறைவு இருக்கும். லேபிள் ஏறிய நியூட்ரோஃபில்கள் அதில் ஒட்டிக்கொண்டு கழுத்தில் ‘சீழ்க்கட்டி’ காட்டும். எதிர்ப்பக்கச் சிரையில் புதிய கேதீட்டர், 19 கேஜ் அல்லது அதைவிட அகலம், உப்புக்கரைசலில் கழுவி, ஊசி போட்டதும் எடுத்துவிடுங்கள். டெக்ஸ்ட்ரோஸ் ஓடும் லைனில் கலக்கவே கூடாது, அணுக்கள் திரளும். அன்று இரண்டு குதிரை இருந்தால் குழாய், சிரிஞ்ச், மூடி எல்லாவற்றிலும் குதிரையின் பெயர் எழுதுங்கள். ஒன்றின் அணு இன்னொன்றுக்குப் போகவே கூடாது.

ஆனால் உண்மையான சிக்கல் இதெல்லாம் இல்லை. உங்கள் நோயாளி. குப்பி ஒன்றில் அதிகபட்சம் 2 ஜிகாபெக்கெரல் வரைதான் கலக்கலாம். ஏறுவது பாதி. ஆக குதிரைக்குள் போவது 1 ஜிகாபெக்கெரல் என்றே வைத்துக்கொள்வோம். எலும்பு ஸ்கேனுக்குப் போடுவதில் அது சின்னப் பங்கு. டெக்னீசியம்-99எம் விடும் 140 கேஇவி ஆற்றலுள்ள காமா மென்திசுவில் 4.6 செ.மீ.க்கு ஒருமுறை பாதியாகும். 10 செ.மீ. ஆழத்தில் இருந்து 22 சதவீதம் வெளியே வரும். குடல்தாங்கி வேர் வயிற்றுச் சுவரிலிருந்து 30 செ.மீ. ஆழத்தில் என்றால் வருவது 1 சதவீதம். அதற்கு முன்னால் பெருங்குடலும் கல்லீரலும் மறைத்து நிற்கும். எச்எம்பிஏஓவில் பிரிந்துபோகும் சேர்மங்கள் பித்தம் வழியாகக் குடலுக்கும், சிறுநீரகத்துக்கும் வேறு போகும். குதிரைக்குப் பித்தப்பை இல்லாததால் பித்தம் நிற்காமல் வழிந்துகொண்டே இருக்கும். சில மணி நேரத்தில் வயிற்றில் தெரியும் எதையும் நம்ப முடியாது. 480 கிலோ குதிரையின் ஆழ்வயிற்றுச் சீழ்க்கட்டிக்கு இந்த ஸ்கேன் சரியான கருவி என்று நான் சொல்லமாட்டேன். வயிற்று நீர் எடுத்துப் பாருங்கள், மலக்குடல் வழியாக அல்ட்ராசவுண்ட் பாருங்கள்.

---

மூன்றாம்_படலம்

இங்கே முழுக்க ஒத்துக்கொள்ள மாட்டேன். வயிறு என்பது மருத்துவரின் ஊகம்தான். 3 வாரக் காய்ச்சலின் மூலம் மார்புச்சுவரிலோ, தண்டுவடத்தின் முள் நீட்சியிலோ, குளம்பிலோ இருந்தால்? அங்கெல்லாம் ஆழம் 5, 10 செ.மீ.தான். ஸ்கேன் ‘வயிற்றில் இல்லை’ என்று சொல்லாது, சரி. ‘இதோ இங்கே’ என்று வேறிடத்தைக் காட்டக்கூடும். குட்டிகளில் வயிற்றுக்கும் உதவும்.

---

காமாக்கண்

அந்த அளவில் சரி. வயிறு சுத்தமாகத் தெரிந்தால் அறிக்கையில் ‘வயிற்றில் சீழ் இல்லை’ என்று எழுதிவிடக்கூடாது, என் கவலை அவ்வளவுதான்.

அப்படியானால் படம் எடுப்பதற்கு: பொதுப்பயன் கொலிமேட்டர் (கேமரா முகப்பில் வைக்கும் துளையிட்ட ஈயத் தட்டு). எண்ணிக்கை பஞ்சத்தில் உயர்துல்லியக் கொலிமேட்டர் ஆடம்பரம். சாளரம் 140 கேஇவி, 20 சதவீதம். 1 மணி நேரத்தில் ஒரு சுற்று, 3 முதல் 4 மணி நேரத்தில் இன்னொன்று. ஒரு கோணத்துக்கு 3 நிமிடம். குதிரை 3 நிமிடம் சிலையாக நிற்காது, அதனால் 2 விநாடித் துண்டுகளாக எடுத்து அசைவுத் திருத்தம் செய்யுங்கள். கால், குளம்பு என்றால் மறுநாள் படம் தெளிவாக இருக்கும் என்பார்கள். பின்னணி குறையும், உண்மை. ஆனால் 20-ஆவது மணியில் மிச்சம் இருப்பது பத்தில் ஒரு பங்கு. 4-ஆவது மணியின் 3 நிமிடப் படத்துக்கு ஈடாக 19 நிமிடம் நிறுத்த வேண்டும். சந்தேகமுள்ள ஓரிரு கோணத்துக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

இடுப்புப் பகுதி பார்க்குமுன் ஃபுரோசமைடு கொடுத்து மூத்திரப்பையைக் காலி செய்யுங்கள், லாயத்தில் போகட்டும், கேமரா அறையில் வேண்டாம். தொண்டைப்பையிலோ சைனஸிலோ சீழ் இருந்தால் குதிரை அதை விழுங்கும், மூன்று நான்கு மணி நேரத்தில் குடல் ஒளிரும். அதைக் குடல் அழற்சி என்று படிக்காதீர்கள். அண்மையில் மூட்டில் ஊசி போட்டிருந்தால் கிருமி இல்லாமலே மூட்டு ஒளிரும். நாள்பட்ட கிரானுலோமா (அழற்சி முடிச்சு) வகையில் நியூட்ரோஃபில் வரத்தே குறைவு, ஒளிராமல் ஏமாற்றும்.

---

லாயம்_வடக்கு

புதன்கிழமை ஒத்திகை முடிந்தது, அதே ஆரோக்கியக் குதிரை. காலை 9:10-க்குக் கறந்தது, 10:25-க்குக் கலந்தோம். பட்டைச் சோதனை 88. ஏசிடி, ஹெட்டாஸ்டார்ச் இல்லை, 22-ஆவது நிமிடத்தில் பிளாஸ்மா எடுத்தோம், 915 ஆர்பிஎம். அணுக்களில் 610, மேல்திரவத்தில் 440: 58 சதவீதம். நூல் இல்லை. நுரையீரல் 1 மணி நேரத்தில் மங்கிவிட்டது, மண்ணீரல் தெளிவு.

ஒன்று மட்டும்: அடியில் தங்கியது வெள்ளையாக இல்லை, ரோஜா நிறம். நீரால் சிவப்பணுக்களை உடைத்துவிடலாமா?

---

மூன்றாம்_படலம்

உடைக்காதீர்கள். நீர் அதிர்ச்சியில் நியூட்ரோஃபில்கள் விழித்துக்கொண்டு ஒட்ட ஆரம்பிக்கும், நுரையீரல் மறுபடி எரியும். ரோஜா நிறம் பரவாயில்லை. ஸ்லைடில் எண்ணிப் பாருங்கள், ஒரு வெள்ளணுவுக்கு மூன்று சிவப்பணு வரை பொறுக்கலாம். அதற்கு மேல் போனால் ரத்தக்குழாய்ப் பின்னணி கூடும், இதயமும் பெருங்குழாய்களும் படத்தில் துருத்தும்.

குறைக்க வழி முதல் படியில்தான். பிளாஸ்மாவைத் தள்ளும்போது சிவப்புக் கோட்டுக்கு மேல் 1 செ.மீ. விட்டு நிறுத்திவிடுங்கள். கடைசி 3 மி.லி.க்கு ஆசைப்பட்டுத்தான் சிவப்பு ஏறுகிறது. சிரிஞ்ச் இரண்டு இருக்கும்போது அந்த இழப்பு தாங்கும். தாங்காது என்று தோன்றினால் மூன்றாவது சிரிஞ்ச் எடுங்கள்.